அறிவிப்புப் பலகையின் நான்காம் மொழி: குறிக்கோள் குடியிருப்புகளின் அன்றாட வாழ்வில் தமிழ்

முன்னுரை

சிங்கப்பூரின் வடகோடியில், ஜொகூர்ப் பாலத்துக்கு அண்மையில் உள்ளது மார்சிலிங் வட்டாரம். அங்கு நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் மின்தூக்கி வாயிலில் கண்ணாடியிட்ட அறிவிப்புப் பலகை ஒன்று இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி கழுவும் நாள், கொசு ஒழிப்பு, வசிப்போர் குழுவின் ஒன்றுகூடல் ஆகியவை ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என்னும் நான்கு மொழிகளில் அதில் இடம்பெறும். பெரும்பாலும் தமிழே நான்காம் வரி. எங்கள் தளத்து மூதாட்டி ஒருவர் மின்தூக்கி வரும்வரை அந்த நான்காம் வரியை மட்டும் வாய்விட்டுப் படிப்பார். மற்ற மூன்றும் அவருக்குப் படங்களே.

மார்சிலிங்கின் வீவக வீடுகள் 1970களில் எழத் தொடங்கியவை. இங்கே அண்டை வீட்டாரை யாரும் தேர்ந்தெடுத்துக்கொள்வதில்லை. வீடு குலுக்கலில் கிடைக்கிறது. 1989இல் நடைமுறைக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை ஒவ்வொரு கட்டடத்திலும் எந்த இனத்தார் எவ்வளவு வீதம் இருக்கலாம் என்பதை வரையறுக்கிறது. பலகையில் தமிழ் இருப்பதற்குக் காரணம், அது நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றாகச் சட்டத்தால் ஏற்கப்பட்டிருப்பதே.

இதற்கு நேர்மாறான குடியிருப்புகளும் உலகில் உள்ளன. ஒரு குறிக்கோளை முன்வைத்து, தம் விருப்பத்தின்பேரில் சிலர் கூடி, நிலமும் உழைப்பும் உணவும் பொதுவெனக் கொண்டு வாழும் குடியிருப்புகள் அவை. அவற்றை இங்குக் ‘குறிக்கோள் குடியிருப்பு’ எனச் சுட்டுகிறேன். அத்தகைய இடத்தில் இன்ன மொழியில் அறிவிப்பு எழுது எனக் கட்டளையிடும் அரசு இல்லை. அங்கே தமிழ் எவ்வாறு நுழைகிறது, எப்போது வெளியேறுகிறது என்பதை ஃபீனிக்ஸ், டால்ஸ்டாய் பண்ணை, சேரன்மாதேவி, ஆரோவில் ஆகியவற்றின் அன்றாட நடப்பைக்கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சிறு செய்தியின் பெறுமானம்

குறிக்கோள் குடியிருப்புகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அவற்றின் பட்டயங்களையும் நிறுவனர் உரைகளையும் சுற்றியே அமைகின்றன. எனக்கு அவற்றைவிட அவற்றின் சில்லறைச் செய்திகளே பயனுள்ளவையாகத் தோன்றுகின்றன. முனைவர் பட்ட ஆய்வுக்காக வெளிநாட்டில் தங்கியிருந்த ஆண்டுகளில் ஒரு சிறு கூட்டுக் குடியிருப்புக்கு நண்பருடன் சென்றிருந்தேன். அதன் கொள்கை விளக்க நூலை அங்கேயே மறந்து வைத்துவிட்டேன். சமையலறைக் கதவில் ஒட்டியிருந்த முறைப்பட்டியல் மட்டும் இன்றும் நினைவிலிருக்கிறது. யார் பாத்திரம் துலக்கவில்லை என்பது அதில் சிவப்பு மையில் குறிக்கப்பட்டிருந்தது.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1967இல் தோன்றிய ட்வின் ஓக்ஸ் குடியிருப்பில் சமைத்தாலும், ஊஞ்சற்படுக்கை பின்னினாலும், குழந்தையைப் பார்த்துக்கொண்டாலும் உழைப்பு நேரக் கணக்கு ஒன்றுதான். கொள்கை வேறுபாடுகள் பலகையில் தொங்கும் தாள்களில் எழுதப்படுகின்றன. அடுத்தவர் அதன்கீழ்த் தம் மறுமொழியை எழுதுகிறார். கலிலேயக் கடலின் தென்கரையில் 1910இல் நிறுவப்பட்ட டெகானியா, கிப்புட்ஸ் எனப்படும் கூட்டுப் பண்ணைகளுள் முதலாவது. இத்தகைய பண்ணைகளில் குடியேறியோர் பலருக்கு வீட்டுமொழி இத்திஷ் அல்லது ருசியம். ஆயினும் எபிரேயத்திலேயே பேசுவது என அவர்கள் முடிவுசெய்தனர். நூற்றாண்டுகளாக வழிபாட்டிலும் ஏட்டிலும் வாழ்ந்த மொழி, நாளை மாட்டுக் கொட்டகைக்கு யார் போவது என்று சொல்லும் மொழியாகவும் மாறியது. மொழிப்பற்றாளர் பலர் எபிரேய மீட்சியை அகராதித் தொகுப்பாளரின் சாதனையாகவே பேசுவர். உணவுக்கூடத்துக்கும் அதில் பங்குண்டு.

ஆதலின் ஒரு குடியிருப்பில் ஒரு மொழியின் இடத்தை அறிய, அங்கு அச்சிட்ட அறிக்கையில் அது உள்ளதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், கையால் எழுதிய சீட்டில் உள்ளதா என்றும் பார்க்க வேண்டும் என்பேன்.

ஃபீனிக்ஸ்: அச்சுக்கோப்பவர் வராத மொழி

1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் துறையை அடைந்தது முதல் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 இந்தியர் ஒப்பந்தத் தொழிலாளராக நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கருமே. எனவே 1903 ஜூனில் டர்பனில் ‘இந்தியன் ஒப்பீனியன்’ வார இதழ் தொடங்கப்பட்டபோது அது ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் வெளிவந்ததில் வியப்பில்லை. மதன்ஜித் வியவகாரிக் தொடங்கிய அவ்விதழுக்கு மன்சுக்லால் நாசர் முதல் ஆசிரியர். பின்னர்ப் பொறுப்பு முழுவதும் காந்தியடிகளின் தோள்மேல் விழுந்தது.

இதழின் நட்டத்தைக் குறைக்கவும், ரஸ்கினின் நூலைப் படித்ததனால் எழுந்த எண்ணத்தைச் செயற்படுத்தவும் 1904இன் இறுதியில் அச்சகம் டர்பனுக்கு வெளியே ஃபீனிக்ஸ் என்னுமிடத்தில் வாங்கிய 100 ஏக்கர் நிலத்துக்கு மாற்றப்பட்டது. நிறம், நாடு என்ற வேறுபாடின்றி ஒவ்வொருவருக்கும் மாதம் 3 பவுன் படி. குடியேறுவோருக்கு மூன்று ஏக்கர் அளவிலான நிலத்துண்டு. அச்சக ஊழியர்களுள் இத்திட்டத்துக்கு உடனே இசைந்தோர் மிகச் சிலர். அவர்களுள் இயந்திரப் பணியாளர் கோவிந்தசாமி ஒருவர் எனச் சத்திய சோதனையில் காந்தியடிகள் பதிவு செய்கிறார். புது இடத்தில் முதல் இதழை அச்சிட்ட இரவில் எண்ணெய் இயந்திரம் இயங்க மறுத்ததும், தூங்கிக்கொண்டிருந்த தச்சர்களை எழுப்பிச் சக்கரத்தைக் கையால் சுழற்றியதும் அந்நூலில் சுவைபடக் கூறப்பட்டுள்ளன. விடிந்தபின் பொறியாளர் தொட்டதும் இயந்திரம் ஓடத் தொடங்கியதாம்.

நமக்கு முதன்மையானது இதற்கு ஓராண்டுக்குச் சற்றுப் பின்னர் நிகழ்ந்தது. 1906இன் தொடக்கத்தில் தமிழ்ப் பகுதியும் இந்திப் பகுதியும் நிறுத்தப்பட்டன. சுமை மிகுதி என்பது ஒரு காரணம். பண்ணையில் குடியேற முன்வரும் தமிழ், இந்தி நண்பர் கிடைக்கவில்லை என்பதும், அம்மொழிகளில் வெளிவருவதைச் சரிபார்க்க இயலவில்லை என்பதும் காந்தியடிகள் பின்னாளில் கூறிய பிற காரணங்கள். நேட்டால் இந்தியருள் பெருந்தொகையினர் பேசிய மொழிகளுள் ஒன்று, குடியிருப்பின் இதழில் இடமிழந்தது. வாசகர் இருந்தனர், எழுத்துக்கோத்து, பிழைதிருத்தி, அங்கேயே தங்குபவர் இல்லை.

ஏன் வரவில்லை? இதனைத் தமிழரின் ஆர்வக்குறைவு எனக் கொள்வது பிழை என்பது என் கருத்து. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் பிறர் நிலத்தில் உழைத்து மீண்டவருக்கும் அவர் மக்களுக்கும், குறைந்த படியில் மண்வெட்டி பிடிக்கும் ‘எளிய வாழ்வு’ ஒரு புதிய விடுதலையாகத் தோன்றியிருக்க வேண்டிய கட்டாயமில்லை. வழக்கறிஞர் தொழிலின் வருவாயை விட்டு வருபவருக்கு அது துறவு. கரும்புத் தோட்டத்திலிருந்து வருபவருக்கு அது பழைய இடமே. எளிமையைத் தேர்ந்தெடுக்க முதலில் வேறொன்றைத் துறக்கும் வசதி வேண்டும். இது ஃபீனிக்ஸுக்கு மட்டும் உரிய சிக்கலன்று.

தமிழ்ச் செய்தி அதனால் நின்றுவிடவுமில்லை. 1908இல் பி. எஸ். ஐயர் டர்பனில் ‘ஆப்பிரிக்கன் குரோனிக்கிள்’ என்னும் இதழைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தொடங்கினார். குடியிருப்பின் இதழைக் கடுமையாகக் கண்டித்த தமிழ்க் குரல் அதில் ஒலித்தது. உள்ளே இடமற்ற மொழி வெளியே எதிர்ப்பின் மொழியாயிற்று.

டால்ஸ்டாய் பண்ணை: போப்பின் கைந்நூலும் மாணவரும்

1910இல் ஹெர்மன் காலன்பாக் சத்தியாகிரகிகளின் குடும்பங்களுக்கென அளித்த 1,100 ஏக்கர் நிலத்தில் ஜொகானஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் டால்ஸ்டாய் பண்ணை அமைந்தது. குஜராத்தியர், தமிழர், தெலுங்கர், வட இந்தியர் அங்கிருந்தனர். சமயத்தால் இந்துக்களும் முஸ்லிம்களும் பார்சிகளும் கிறித்தவரும் இருந்தனர். பொதுச் சமையல். கோதுமை கைத்திரிகையில் அரைக்கப்பட்டது. சொந்த வேலையாக நகருக்குப் போகிறவர் நடந்தே போக வேண்டும். காலன்பாக் டிராப்பிஸ்ட் துறவியரிடம் செருப்புத் தைக்கக் கற்று வந்து மற்றவர்களுக்குக் கற்பித்தார்.

தமிழாசிரியர்கள் அறிந்திருக்க வேண்டிய பகுதி பண்ணைப் பள்ளி. மாணவருள் பெரும்பாலோர் தமிழ்ச் சிறுவர். டிரான்ஸ்வாலிலேயே பிறந்தவர்களாதலால் தமிழ் ஓரளவே தெரியும். எழுத்து அறவே தெரியாது. கற்பிக்க முன்வந்தவர் காந்தியடிகள். கப்பற் பயணங்களிலும் சிறையிலும் கற்ற தமிழே அவரிடம் இருந்தது, ஜி. யூ. போப்பின் தமிழ்க் கைந்நூலைத் தாண்டவில்லை என அவரே ஒப்புக்கொள்கிறார். எழுத்தும் எளிய இலக்கணமும் கற்பித்தார். ஆனால், பேச்சுத் தமிழில் மாணவரே அவரை எளிதில் வென்றுவிடுவர். ஆங்கிலம் அறியாத தமிழர் அவரைக் காண வந்தால் அச்சிறுவரே மொழிபெயர்ப்பாளர் ஆவர்.

அயலகத் தமிழ்க் கல்வியின் இன்றைய நிலையை இதைவிடச் சுருக்கமாக எவரும் படம்பிடிக்கவில்லை. எழுத்தறிந்து பேச்சறியாத ஆசிரியர். பேச்சறிந்து எழுத்தறியாத மாணவர். சிங்கப்பூர் வகுப்பறைகளில் இன்று இவ்விரு பாத்திரங்களும் சில வேளைகளில் இடம் மாறியிருக்கின்றன. ஆனால், டால்ஸ்டாய் பண்ணையில் பேச்சுத் தமிழுக்கு ஒரு வேலை இருந்தது. வாயிலில் வந்து நிற்கும் மனிதர் என்ன சொல்கிறார் என்பதை அறிய அது வேண்டியிருந்தது.

அந்த வேலை எத்துணைப் பெரியது என்பது 1913இல் விளங்கிற்று. பண்ணையில் வாழ்ந்திருந்த பெண்கள், பெரும்பாலோர் தமிழர், சட்டத்தை மீறிச் சிறைசெல்ல முன்வந்தனர். எல்லையில் கைது செய்யப்படாமற்போகவே அவர்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குச் சென்று, ஒப்பந்தத் தொழிலாளரிடம் மூன்று பவுன் தலைவரியைப் பற்றி எடுத்துரைத்தனர். தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அது நேட்டால் முழுவதும் பரவியது. அச்சுத் தமிழ் நின்றுபோன இயக்கத்தில் செய்தியை மக்களிடம் சேர்த்தவை பெண்களின் நாக்குகள்.

சேரன்மாதேவி: மொழி ஒன்று, பந்தி இரண்டு

தமிழே வாழ்மொழியாக அமைந்துவிட்டால் எல்லாம் செவ்வனே நடக்கும் எனக் கருதுவோருக்குச் சேரன்மாதேவி ஒரு மறுப்பு. வ. வே. சு. ஐயர் 1922இல் தொடங்கிய தமிழ்க் குருகுலம் தாமிரபரணிக் கரையில் சேரன்மாதேவியில் நிலைகொண்டது. தமிழ்வழிக் கல்வி, உடலுழைப்பு, நாட்டுப்பற்று ஆகியவை அதன் குறிக்கோள்கள். ‘பாலபாரதி’ என்னும் இதழையும் ஐயர் நடத்தினார். தமிழ்நாடு காங்கிரசுக் குழு வாக்களித்த 10,000 ரூபாயில் 5,000 ரூபாய் அளித்திருந்தது. பிராமண மாணவர் இருவர்க்கு மட்டும் தனியே உணவு வழங்கப்பட்டது என்ற செய்தி வெளியே வந்தபோது அது பெரும் புயலாயிற்று. வரதராசுலு நாயுடுவும் பெரியார் ஈ. வெ. இராமசாமியும் எதிர்த்து நின்றனர். நாயுடுவின் ‘தமிழ்நாடு’ இதழ் இதனை மாநிலமறிந்த வழக்காக்கியது. 1925 ஜூனில் ஐயர் பாபநாசம் அருவியில், தவறி விழுந்த மகளைக் காப்பாற்ற முயன்று உயிர்நீத்தார்.

இந்நிகழ்வு பெரும்பாலும் அரசியல் வரலாற்றில் மட்டுமே பேசப்படுகிறது. குறிக்கோள் குடியிருப்பு என்ற நோக்கில் பார்த்தால், பட்டயத்தில் எழுதப்படாத ஒன்று பந்தியில் எழுதப்பட்டிருந்தது எனலாம். அதனைப் படித்தவர்கள் அங்கு உண்ட சிறுவர்கள்.

ஆரோவில்: பெயர்ப்பலகையும் வாரத்தாளும்

புதுச்சேரிக்கு வடக்கே, பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் அமைந்த ஆரோவில் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்டது. 124 நாடுகளின் மண் தாமரை வடிவத் தாழியில் இடப்பட்டது. பட்டயம் தமிழ் உட்படப் பல மொழிகளில் படிக்கப்பட்டது. தமிழ், பிரெஞ்சு, எளிமையாக்கப்பட்ட சமஸ்கிருதம், ஆங்கிலம் ஆகிய நான்கும் ஆரோவில்லின் மொழிகள் எனக் கொள்ளப்பட்டன. இங்குத் தமிழ் நான்காம் இடத்தில் இல்லை என்பதைக் கவனிக்க.

நிறுவனரான அன்னை 1973இல் மறைந்தபின் நிருவாகப் பிணக்கு எழுந்தது. 1980இல் நடுவண் அரசு தலையிட்டுச் சட்டம் இயற்றியது. அது செல்லும் என 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1988ஆம் ஆண்டின் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம் ஆட்சிக்குழு, குடியிருப்போர் பேரவை, பன்னாட்டு அறிவுரைக் குழு என மூன்று அமைப்புகளை நிறுவியது. 50,000 பேருக்கெனத் திட்டமிட்ட நகரில் அரை நூற்றாண்டுக்குப் பின்னரும் ஏறத்தாழ 3,000 பேரே வாழ்கின்றனர். 50க்கு மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்தோர். இந்தியரே மிகப்பெரிய பிரிவினர். அவர்களுள் சுற்றுக் கிராமத் தமிழர் கணிசமானோர்.

செம்மண் அரிப்பால் பாழாய்க் கிடந்த மேட்டுநிலம் இன்று காடாகியிருப்பதை எவரும் மறுக்க இயலாது. மதியவேளையில் சூரிய சமையற்கூடத்தில் ஆயிரம் பேரளவில் உண்கின்றனர். கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள கிண்ணவடிவ ஆடி வெயிலைக் குவித்து நீராவியை உண்டாக்குகிறது. வாரந்தோறும் வரும் ‘நியூஸ் அண்ட் நோட்ஸ்’ தாள்தான் பல்லாண்டுகளாக உள்நடப்பின் ஏடு. காலியாகும் வீடு, காணாமற்போன நாய், இசைநிகழ்ச்சி, புதிதாகச் சேர விரும்புவோர் பற்றிக் கருத்துக் கேட்பு, நீண்ட வழக்காடல்கள் எல்லாம் அதில் உண்டு. 1988இல் தொடங்கிய ‘ஆரோவில் டுடே’ மாத இதழ் வெளியுலகையும் நோக்கிப் பேசுவது. இரண்டும் ஆங்கிலம். கிராமங்களுக்கெனத் தமிழ்ச் செய்திமடலும் வெளியிடப்பட்டதுண்டு. எனினும் ‘கிராமங்களுக்கென’ என்ற சொல்லிலேயே ஒரு வேலி இருக்கிறது. விவாதம் ஆங்கிலத்தில், விளக்கம் தமிழில்.

பெயர்களை நோக்குவோம். இசை அம்பலம், உதவி, தாமரை, மோகனம், இளைஞர்கள் கல்வி மையம் ஆகியவை அங்குள்ள பள்ளிகளும் பண்பாட்டு நிலையங்களும். குடியிருப்புகளோ ஆஸ்பிரேஷன், செர்டிட்யூட், ஃபெர்ட்டைல் என ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் விளங்குபவை. விதிவிலக்குகள் உண்டாயினும், கிராமத்தாருக்குக் கற்பிக்கும் இடத்துக்குத் தமிழ்ப்பெயர் எளிதாகக் கிடைக்கிறது. உறங்கும் இடத்துக்கு அவ்வளவாகக் கிடைக்கவில்லை.

ஒரு சொல் இன்னும் கூர்மையானது. ஆரோவில் ஆங்கிலத்தில் ‘அம்மா’ என்றால் வீட்டு வேலை செய்ய வரும் கிராமத்துப் பெண், பன்மையில் ‘அம்மாஸ்’. மரியாதைச் சொல்லாகவே அது தொடங்கியிருக்கும். ‘அம்மா வந்தாங்களா’ எனக் கேட்பதில் குற்றமில்லை. ஆனால், பெயருக்கு மாற்றாகவும் தொழிலுக்குப் பெயராகவும் அது உறைந்தபோது, அந்நகரின் நிறுவனரைக் குறிக்கும் சொல்லுக்கும் பாத்திரம் துலக்குபவரைக் குறிக்கும் சொல்லுக்கும் தமிழில் ஒரே பொருள் என்பதைப் பேசுவோர் மறந்துவிட்டனர். குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, ஆலங்குப்பம், கோட்டக்கரை முதலிய ஊர்களிலிருந்து நாள்தோறும் வேலைக்கு வருவோர் ஆயிரக்கணக்கானோர். குடியிருப்போர் பதிவேட்டில் இல்லாததனால் அவர்களுக்குப் பேரவையில் குரலில்லை.

ஃபீனிக்ஸிலிருந்து ஆரோவில் வேறுபடுவது, இங்கே தமிழர் குடியேறினர் என்பதில்தான். கிராமத்துப் பிள்ளைகள் அங்குப் படித்து, மரம் நட்டு, தொழிலகம் நடத்தி, ஆரோவில்வாசிகளாயினர். ஒரே வீட்டில் ஒருவர் உறுப்பினர், மற்றொருவர் தொழிலாளி என்ற நிலையும் உண்டு. 2021 டிசம்பரில் வட்டச் சாலைக்காகப் பொக்லைன் கொண்டு மரங்கள் அகற்றப்பட்டபோது குடியிருப்போரிடையே ஏற்பட்ட பிளவு உலக ஏடுகளில் இடம்பெற்றது. பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் இட்ட ஆணையை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் நீக்கியது. காட்டைக் காப்பதா, நகரைக் கட்டுவதா என்றே ஆங்கில ஏடுகளில் வாதம் அமைந்தது. வேலை, நில விலை, கோயிலுக்குப் போகும் பாதை என ஊர்க்காரர் எழுப்பக்கூடிய கேள்விகள் அந்த இரு கட்சிகளுள் எதிலும் முழுமையாக அடங்குவன அல்ல. அவற்றை அவர்கள் எழுதிவைக்கும் தாள் எது?

கையெழுத்துத் தமிழ்

இத்தகைய தாள்களை நம் துறைகள் திரட்டுவதில்லை. கல்வெட்டையும் ஓலையையும் படியெடுக்கப் பயிற்சி அளிக்கிறோம். சமையல் முறைப்பட்டியல், வாரத்தாள், கதவில் ஒட்டிய சீட்டு ஆகியவை அடுத்த வாரமே குப்பைக்குப் போகின்றன. சமூக மொழியியல் பயிலும் என் மாணவரிடம் தத்தம் கட்டடத்தில் ஒரு திங்கள் காணும் அறிவிப்புகளைப் படமெடுத்து வரச் சொன்னேன். அச்சிட்டவை அனைத்திலும் தமிழ் இருந்தது. கையால் எழுதிய சீட்டுகளோ ஆங்கிலமாகவும் சீனமாகவும் ஓரிடத்தில் மலாயாகவும் இருந்தன. காணாமற்போன பூனையைத் தமிழில் தேடியவர் எவருமில்லை.

சென்ற பொங்கலுக்கு மறுநாள், எங்கள் மார்சிலிங் கட்டடத்துக் கண்ணாடிப் பலகையின் கீழ் விளிம்பில் நாள்காட்டித் தாளின் பின்பக்கம் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. நீல மையில், நடுங்கும் எழுத்தில்: கோலமாவு மீதியிருக்கிறது, வேண்டியவர் ஆறாம் மாடியில் கேட்டு வாங்கிக்கொள்ளவும். துப்புரவாளர் எடுக்கும்வரை இரண்டு நாள் இருந்தது. இரண்டாம் நாள் மாலை, எனக்கு முகம் மட்டுமே தெரிந்த சீனப் பெண்மணி ஒருவர் அதைச் சுட்டிக்காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டார்.